டிரெய்லருக்கு டயர் வாங்குகிறீர்களா? முதலில் எடை மேடைக்குப் போங்கள்

22 வருடம் லாரி ஓட்டியவன் நான். ஊர் காவேரிப்பட்டணம். சீசனில் மாங்காய், மற்ற நாளில் எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு ஓடிய காலத்தில், பத்து சக்கரத்தில் எது போனாலும் எந்தப் பக்கம் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன், மொத்தம் இரண்டே சக்கரம் உள்ள ஒரு டிரெய்லரில் டயர் வெடித்தது தெரியாமல் பொலேரோவின் முன் சீட்டில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தேன்.

டிரெய்லர் என் மருமகனுடையது. ஓசூரில் வேலை. லீவு கிடைத்தால் குடும்பத்தோடு எங்காவது போய் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரு பட்டறையில் சொல்லி, இரண்டு கட்டில், ஒரு அடுப்பு மேடை, ஒரு தண்ணீர்த் தொட்டி என்று சின்ன அறை மாதிரி ஒன்றைச் செய்து வாங்கினார். பொலேரோவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டினால் நன்றாகத்தான் வந்தது. முதல் பயணம் ராமேஸ்வரம். அதியமான்கோட்டை தாண்டி, பாளையம் சுங்கச்சாவடிக்கு முன்னால், பின்னால் வந்த ஒரு லாரிக்காரர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். வழி கேட்கிறார் என்று மருமகன் ஒதுங்கினார். லாரி பக்கத்தில் வந்ததும் கிளீனர் பையன் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையால் வட்டம் போட்டுக் காட்டினான். இறங்கிப் பார்த்தால் இடது டயர் நார் நாராகக் கிழிந்து அச்சில் சுற்றியிருந்தது. டயர் சுழன்று அடித்ததில் தரைப் பலகை பிளந்து, பின் விளக்கு ஒயரும் அறுந்திருந்தது. அடுப்புக்குப் போகும் கேஸ் குழாய் அங்கிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் தொப்பூர் இறக்கம். அந்த இரட்டைப் பாலத்தில் நான் பார்த்த விபத்துகளை என் பெண்ணிடம் அன்றைக்குச் சொல்லவில்லை.

காரில் முன் டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் இழுக்கும். பின் டயர் என்றால் இடுப்புக்குத் தெரியும். டிரெய்லர் டயர் எதையும் சொல்லாது. கொக்கிக்குப் பின்னால் நடப்பது ஓட்டுகிறவரின் கைக்கு வந்து சேருவதே இல்லை. அதனால் டிரெய்லர் டயர் விஷயத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

அந்த டயர் ஏன் போனது என்பதற்கு வருகிறேன். பட்டறையில் 'காலி வண்டி 750 கிலோ' என்றார்கள். மருமகன் ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய 155/80 ஆர்13 டயர்களைப் போட்டார். நானும் பார்த்தேன், பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் வரி, நன்றாக இருந்தது, சரி என்று விட்டுவிட்டேன். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் 79 என்று இருந்தது. அதுதான் சுமைக் குறியீடு. 79 என்றால் ஒரு டயர் 437 கிலோ தாங்கும். இரண்டுக்கும் சேர்த்து 874. "750 கிலோ வண்டிக்கு 874 தாங்குற டயர் இருக்குதே மாமா" என்றார். கணக்கு சரி மாதிரிதான் தெரிந்தது.

டயர் போன பிறகுதான் எடை மேடைக்குப் போனோம். கிருஷ்ணகிரியைச் சுற்றி எடை மேடைக்குப் பஞ்சமா? மாங்காய் மண்டிக்குப் பக்கத்தில் நிறைய உண்டு. பயணத்துக்குக் கிளம்பும்போது எப்படி இருக்குமோ அப்படியே வண்டியை ஏற்ற வேண்டும்: தொட்டி நிறையத் தண்ணீர், சிலிண்டர், பாத்திரம், மெத்தை, பேத்தியின் மூன்று சக்கர சைக்கிள் உட்பட. முதலில் பொலேரோவைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மட்டும் நிறுத்தினோம். 1,050 கிலோ. 750 எங்கே, 1,050 எங்கே. பிறகு பொலேரோவில் மாட்டி, பொலேரோ மேடைக்கு வெளியே, டிரெய்லரின் இரண்டு சக்கரம் மட்டும் மேடைமேல் என்று நிறுத்தினோம். 940. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 110 கிலோ. அது கொக்கியில் உட்காரும் எடை. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருந்தால் டிரெய்லர் ஓட்டத்தில் வாலாட்டாது என்று அமெரிக்காவில் கணக்கு வைத்திருக்கிறார்கள். நமக்கு அது சரியாகவே வந்தது.

அப்புறம் மேடைக்காரரிடம் கெஞ்சி, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தினோம். "எதுக்குண்ணா இதெல்லாம்?" என்றார். இடது சக்கரம் 530, வலது 410. தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் சிலிண்டரும் ஒரே பக்கம் இருந்தால் வேறெப்படி வரும்? 437 தாங்கும் டயரில் 530 கிலோ. அதோடு, கார் டயரை டிரெய்லரில் போட்டால் குறியீட்டில் உள்ள எடையை 1.1-ஆல் வகுத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. அப்படிப் பார்த்தால் அந்த டயர் 397 கிலோவுக்குத்தான் லாயக்கு. அது பாளையம் வரைக்கும் வந்ததே பெரிய விஷயம்.

ஆக, டயர் கடைக்குப் போகும்போது உங்கள் சட்டைப் பையில் ஒரு எண் இருக்க வேண்டும்: அதிகம் சுமக்கும் சக்கரத்தின் எடை. மொத்தத்தை இரண்டால் வகுத்த எண் உதவாது. அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்வது என் வழக்கம். எங்களுக்கு 530, ஐந்தில் ஒரு பங்கு 106, மொத்தம் 636 கிலோ. குறியீட்டு அட்டவணையில் 85 என்றால் 515 கிலோ, 90 என்றால் 600, 93 என்றால் 650, 95 என்றால் 690, 100 என்றால் 800. எங்களுக்கு 93-க்குக் குறையக் கூடாது. நாங்கள் வாங்கியது 94/92 என்று எழுதிய எல்டி டயர். சின்ன சரக்கு வண்டிகளுக்கு வருகிறதே, அந்த ரகம், 8 பிஆர் (டயரின் பலத்தைச் சொல்லும் அடுக்கு எண்). இப்படிக் கோடு போட்டு இரண்டு எண் இருந்தால், முதல் எண் ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது, இரண்டாவது எண் லாரியின் பின்பக்கம் போல ஜோடியாக ஓடும்போது. டிரெய்லருக்கு முதல் எண்ணைப் பாருங்கள். உங்கள் ஆர்சி புத்தகத்தில் எழுதிய மொத்த எடைக்கு மேல் வண்டி போய்விட்டது என்று எடை மேடை சொன்னால், அதற்கு மருந்து பெரிய டயர் கிடையாது. சாமானை இறக்குவதுதான்.

எல்டி ஏன், கார் டயரே பெரியதாகப் போட்டால் ஆகாதா என்று மருமகன் கேட்டார். எண் ஒத்து வந்தால் போடலாம்தான். ஆனால் கார் டயரின் பக்கவாட்டு மெல்லியது. பள்ளம் மேட்டில் குலுங்காமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். டிரெய்லர் உயரமாக, பெட்டி மாதிரி இருக்கிறது. பக்கத்தில் ஒரு பஸ் கடந்தால் காற்று தள்ளும். வளைவில் திரும்பும்போது டிரெய்லர் டயர் பக்கவாட்டில் இழுபடும். அதிலும் இரண்டு அச்சு, நான்கு சக்கரம் உள்ள டிரெய்லர் என்றால் குறுகலான இடத்தில் திருப்பும்போது டயர் தரையோடு தேய்ந்து முறுக்கிக்கொள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதைத் தாங்கத் தடித்த பக்கவாட்டு வேண்டும். அமெரிக்காவில் இதற்கென்றே எஸ்டி என்று எழுதிய டயர் செய்கிறார்கள். அது டிரெய்லருக்கு மட்டும்; இழுக்கும் வண்டியில் போடக்கூடாது. வேறு வேகக் குறி இல்லாத பழைய எஸ்டி டயர்களுக்கு மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர்தான் உச்சம். வெளிநாட்டு டிரெய்லர் வாங்கியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்க் கடையில் கையில் எட்டுவது எல்டிதான்.

உள்ளே நூல் அடுக்குகள் சாய்வாகக் குறுக்கிட்டுப் போகும் நைலானா, விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகும் ரேடியலா? டிராக்டர் டிரெய்லருக்கு, தோட்டத்துக்கும் மண்டிக்கும் போய் வர, நைலான் போதும். கல்லு முள்ளைத் தாங்கும். நான்கு வழிச் சாலையில் மணிக்கணக்கில் ஓட நைலான் சூடாகும். ரேடியல் எடுங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், ஒரு பக்கம் ரேடியல் என்று மட்டும் போடவே போடாதீர்கள். தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டிய ரீட்ரேட் டயரில் லாரி ஓட்டிச் சம்பாதித்தவன் நான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஒன்று போனால் தாங்கப் பக்கத்திலேயே இன்னொரு டயர் உண்டு. இரண்டு சக்கர டிரெய்லரில் புது டயர்தான், அதுவும் இரண்டையும் ஒன்றாக.

இனி வயசு. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது அபூர்வம். வருடத்தில் நான்கு பயணம் போனால் எங்கே தேயும்? நின்ற இடத்திலேயே வெயிலில் கிழடாகும். ரப்பரில் வெடிப்பு வராமல் காக்க ஒரு மெழுகைக் கலந்திருப்பார்கள். டயர் ஓடி நெளியும்போதுதான் அது மேலே கசிந்து வரும். ஓடாத டயருக்கு அந்தக் காப்பு கிடைக்காது. அதனால்தான் பட்டன் புதுசு மாதிரி இருக்கும், பக்கவாட்டில் ஏரி வற்றின சேறு மாதிரி வெடித்திருக்கும். சட்டப்படி கார் வகை வண்டிகளுக்கு பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டிரெய்லரில் அந்த எல்லைக்கு வருவதற்கு வெகு முன்பே டயரின் ஆயுசு முடிந்திருக்கும். நான் பட்டனைப் பார்த்து ஏமாந்தது இங்கேதான்.

பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வெடித்த டயரின் ஜோடியில் இந்த இலக்கங்களைத் தேடிப் படித்தபோது, அந்த டயருக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது. இந்த எண் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். அது உள்பக்கம் திரும்பி மாட்டியிருந்தால் வண்டிக்கு அடியில் படுத்தால்தான் தெரியும். கடையில் மாட்டுவதற்கு முன்பே டார்ச் அடித்துப் பாருங்கள். மாட்டும்போது தேதி வெளியே தெரிகிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் விலையைத் தானாகவே குறைத்தால் தேதியை இரண்டு முறை பாருங்கள். ஆறு மாதத்துக்குள் செய்த டயரைத்தான் நான் எடுப்பேன். ஐந்து வருடம் ஆனால் மாற்றிவிடுவேன், பட்டன் எப்படி இருந்தாலும் சரி. ஸ்டெப்னிக்கும் அதே கணக்கு. வண்டிக்கு அடியில் தொங்குகிறதால் அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

டயரோடு கதை முடியவில்லை. புது எல்டி டயரில் உச்சக் காற்றழுத்தம் 65 பிஎஸ்ஐ என்று எழுதியிருந்தது. பழைய கார் ரிம் அந்தக் காற்றுக்கும் எடைக்கும் செய்ததில்லை. அதில் வழக்கமாக இருக்கும் ரப்பர் வால்வும் 65 பிஎஸ்ஐ வரைதான். கடைக்காரர் "அதெல்லாம் தாங்கும்ணா" என்றார். தாங்கலாம். நான் ரிம்மையும் மாற்றி, போல்ட் போட்டு இறுக்கும் உலோக வால்வையும் போடச் சொன்னேன். மருமகனுக்கு அன்றைக்கு நான் கொஞ்சம் செலவாளி மாமனார். ரிம் வாங்கும்போது நட்டுத் துளைகளின் வட்டம், சக்கரம் மாட்டும் ஹப்புக்கு ஒத்து வருகிறதா என்று பார்ப்பதோடு, ரிம் எத்தனை கிலோ தாங்கும் என்றும் கேளுங்கள். டயர் கொஞ்சம் உயரமாகிவிட்டால், பள்ளத்தில் விழும்போது மேலே தகரத்தில் இடிக்காமல் இடைவெளி இருக்க வேண்டும். கேஸ் குழாயையும் ஒயரையும் சக்கரத்துக்கு நேர் மேலே போக விடாதீர்கள். நாங்கள் இரண்டையும் நடுவில் கொண்டுபோய் இரும்புக் குழாய்க்குள் விட்டுவிட்டோம். தொட்டியை நகர்த்த முடியவில்லை. பேட்டரியையும் சிலிண்டரையும் வலது பக்கம் மாற்றினோம். மறுபடி எடை மேடை: இடது 490, வலது 450. மேடைக்காரர் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

அச்சு நேராக இருக்கிறதா என்பதற்கு ஒரு கயிறு போதும். கொக்கியின் நடுவிலிருந்து இடது ஹப்புக்கு ஒரு அளவு, வலது ஹப்புக்கு ஒரு அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். விரற்கடை அளவு வித்தியாசம் வந்தாலும் பட்டறைக்குத் திருப்பி அனுப்புங்கள். இல்லாவிட்டால் எந்த டயர் வாங்கினாலும் ஒரு ஓரமாகத்தான் தேயும். சக்கரத்துக்கு பேலன்ஸும் பார்க்கச் சொல்லுங்கள். டிரெய்லருக்கு எதற்கு என்பார்கள். உள்ளே பாத்திரம் நடுங்குவது உங்களுக்குத்தானே கேட்கும்.

காற்று விஷயம். டயர் வெடிப்பதற்குக் காரணம் முக்கால்வாசி காற்று குறைவதுதான். வெயிலில் காற்று விரிந்து வெடித்துவிடும் என்று பயந்து, கோடைக்குக் காற்றைக் குறைத்து வைக்கிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். நேர் எதிர். காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டு மடிந்து மடிந்து விரியும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடேறி ஒடிகிறதே, அதே கதைதான். டயருக்குள் ஒட்டியிருக்கும் அடுக்குகள் சூட்டில் பிரிந்துவிடும். டயர் கம்பெனி எடைக்கு ஏற்ற காற்று அட்டவணை கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் டிரெய்லரில் டயரின் பக்கவாட்டில் எழுதிய உச்ச அளவையே வையுங்கள், ரிம்மும் வால்வும் அதைத் தாங்கும் என்றால். பொலேரோவுக்கு எவ்வளவு வைக்கிறீர்களோ அதையே இதற்கும் வைக்காதீர்கள்.

விடியற்காலையில், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயரில் அளப்பதுதான் அளவு. ஓசூரில் குளிரில் கிளம்பி மதியம் தர்மபுரி வெயிலில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். கார் டயரில் 5, 6 டிகிரி சூடு ஏறினால் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். எல்டியில் இன்னும் கொஞ்சம் கூட. அது ஏறுவது இயல்பு, டயர் செய்தவர்களுக்கும் தெரியும். சூட்டில் காற்றை இறக்கிவிட்டால் இரவில் ஆறியதும் குறைந்து நிற்கும், மறுநாள் அதே குறைவோடு ஓடும். பங்க் கருவிகள் எல்லாம் ஒரே மாதிரி காட்டுவதில்லை. சொந்தமாக ஒரு அளவி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், காற்று குறைந்தால் சத்தம் போடும் கருவி. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் சின்ன சென்சார். டேஷ்போர்டில் ஒரு திரை. அன்றைக்கு அது இருந்திருந்தால் அந்த கிளீனர் பையன் கஷ்டப்பட்டிருக்க வேண்டியதில்லை. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெதுவாகத்தான் இறங்கும், கருவி சொன்னதும் ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். டியூப் போட்ட டயர் அந்த அவகாசம் தராது. ஓடும் வேகத்தைப் பற்றி இளைஞர்களிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை. எங்கள் வண்டி 70-க்கு மேல் போகாது, நான் கூட இருக்கும்வரை.

நிறுத்தி வைக்கும்போது சக்கரத்துக்கு நிழல் கொடுங்கள். பழைய சாக்கு மூடினாலும் போதும். மாதம் ஒருமுறை அரைச் சக்கரம் உருட்டிவிடுங்கள், ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகாமல் இருக்கும். வண்டியில் ஜாக்கி இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். பொலேரோ ஜாக்கி டிரெய்லர் அச்சுக்குக் கீழே நுழைகிறதா, தூக்குகிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். எங்களுக்கு ஒரு பலகைத் துண்டு வைத்தால்தான் எட்டியது. அந்தப் பலகை இப்போது ஸ்டெப்னியோடு கட்டிக் கிடக்கிறது.

புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை 50 முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்ப்பதை அதற்கும் முன்பே செய்யலாம். காவேரிப்பட்டணத்திலிருந்து தெற்கே போனால் எங்கள் முதல் நிறுத்தம் தர்மபுரி தாண்டி, தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால். மருமகன் டீ சொல்லப் போவார். நான் புறங்கையை இரண்டு ஹப்புக்கும் இரண்டு டயருக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் ஒரே சூடு என்றால் நிம்மதி. ஒரு பக்க டயர் மட்டும் சுட்டால் காற்றைப் பார்க்க வேண்டும். ஹப் மட்டும் சுட்டால் பேரிங், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டீ ஆறினாலும் பரவாயில்லை, அதைச் சரி செய்த பிறகுதான் இரண்டாவது கியரில் இறக்கத்தில் விடுவோம்.